ஒரு இஞ்ச் டேப், ஒரு நூல், ஒரு மார்க்கர்: உடம்பு எடையால வர்ற கேன்சர் ரிஸ்க்கை வீட்ல இருந்தே குறைக்கிறது எப்படி

எங்க பெரியம்மாவுக்கு 52 வயசுல பீரியட்ஸ் நின்னுச்சு, 57 வயசுல மறுபடியும் லேசா ரத்தம் பட்டுச்சு. ஒரு நாள் பட்டு நின்னுடுச்சு, ரெண்டு மாசம் கழிச்சு திரும்பவும். யார்கிட்டயும் சொல்லல. உடம்பு சூடுன்னு அவங்களே முடிவு பண்ணி காலையில ஊற வச்ச வெந்தயம், மதியம் மோர், வெள்ளிக்கிழமை தவறாம எண்ணெய் தேச்சு குளியல்னு நாலு மாசம் ஓட்டிட்டாங்க, ஒரு வளைகாப்பு வீட்ல பாத்திரம் கழுவிட்டு இருக்கும்போது எங்கம்மாகிட்ட பேச்சுவாக்குல சொன்னதால தான் விஷயமே வெளிய வந்துச்சு. ஸ்கேன்ல கர்ப்பப்பையோட உள் சுவர் தடிச்சிருக்குன்னு சொன்னாங்க, அதுல இருந்து துளி சதை எடுத்து டெஸ்ட் பண்ற பயாப்ஸி எடுத்தாங்க, கேன்சர்னு வந்துச்சு. நல்லவேளை ஆரம்ப ஸ்டேஜ், ஆபரேஷன்ல கர்ப்பப்பையை எடுத்துட்டாங்க, இப்ப நல்லா இருக்காங்க.

அப்ப டாக்டர் சொன்ன ஒரு விஷயம் தான் இதை எழுத வைக்குது: உடம்பு எடை கூடினா இந்த கேன்சர் வர்ற ரிஸ்க்கும் கூடும். பெரியம்மா 5 அடி உயரம், 84 கிலோ. இந்த எடையால சுகர் வரும், பிபி வரும், முட்டி தேயும்னு எங்க எல்லாருக்கும் தெரியும், ஆனா கேன்சருக்கும் இதுக்கும் தொடர்பு இருக்குன்னு வீட்ல ஒருத்தருக்கு கூட தெரியாது. படிச்சவங்க நிறைய பேர் இருக்கிற குடும்பம் தான். அதனால எங்களுக்கு லேட்டா தெரிஞ்சது உங்களுக்கு முன்னாடியே தெரியட்டும், தெரிஞ்சா மட்டும் போதாது, என்ன செய்யணும்ங்கிறதையும் வீட்ல நாங்க செஞ்ச மாதிரியே சொல்றேன்.

ஆனா அதுக்கு முன்னாடி இது எப்படி நடக்குதுன்னு கொஞ்சம் புரிஞ்சுக்கணும், புரிஞ்சா தான் எதை அளக்கணும்னு தெரியும். கொழுப்புன்னா சும்மா பீரோல துணி அடுக்கின மாதிரி உடம்புல கிடக்கிற சாமான்னு நெனச்சுட்டு இருக்கோம், அது அப்படி இல்ல, ஹார்மோன் சுரக்குது, ரசாயனம் வெளிய விடுது, நாள் பூரா வேலை செய்யுது. பொம்பளைங்களுக்கு பீரியட்ஸ் நின்ன பிறகு சினைப்பை ஈஸ்ட்ரோஜன்ங்கிற பெண் ஹார்மோனை தயாரிக்கிறதை கிட்டத்தட்ட நிறுத்திடும், ஆனா கொழுப்பு செல்லுல அரோமடேஸ்னு ஒரு என்சைம் இருக்கு, அது உடம்புல இருக்கிற வேற ஹார்மோனை ஈஸ்ட்ரோஜனா மாத்திக்கிட்டே இருக்கும். கொழுப்பு எவ்ளோ கூடவோ அவ்ளோ ஈஸ்ட்ரோஜன். அது மார்பகத்துலயும் கர்ப்பப்பை உள் சுவர்லயும் இருக்கிற செல்களை வளரு வளருன்னு தூண்டிக்கிட்டே இருக்கு. ரெண்டாவது இன்சுலின், தொப்பை இருக்கிறவங்களுக்கு இன்சுலின் சரியா வேலை செய்யாததால உடம்பு இன்னும் அதிகமா சுரக்கும், அந்த அதிக இன்சுலினும் செல்கள் பெருகுறதுக்கு உரம் போட்ட மாதிரி. மூணாவது, வயித்துக்குள்ள குடலையும் ஈரலையும் சுத்தி இருக்கிற கொழுப்பு உடம்புல ஒரு மெல்லிய அழற்சியை வருஷக்கணக்கா வச்சிருக்கும், வலிக்காது, காய்ச்சல் வராது, ஆனா உள்ள செல்லோட டிஎன்ஏவுக்கு சேதம் ஆகிட்டே இருக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி அமைப்பு, பிரான்ஸ்ல லியோன் ஊர்ல இருக்கு, அவங்க 2016ல ஆயிரத்துக்கும் மேல ஆய்வுகளை உக்காந்து அலசி 13 வகை கேன்சருக்கு உடம்பு எடையோட தொடர்பு இருக்கிறது உறுதின்னு சொன்னாங்க. பீரியட்ஸ் நின்ன பிறகு வர்ற மார்பக கேன்சர், கர்ப்பப்பை உள் சுவர், சினைப்பை, பெருங்குடல் மலக்குடல், ஈரல், பித்தப்பை, கணையம், சிறுநீரகம், உணவுக்குழாயோட ஒரு வகை, இரைப்பையோட மேல் பகுதி, தைராய்டு, மல்டிபிள் மைலோமான்னு எலும்பு மஜ்ஜையில வர்ற ஒண்ணு, மூளையை மூடியிருக்கிற உறையில வர்ற மெனிஞ்சியோமா. இதுல எல்லாத்துக்கும் ரிஸ்க் ஒரே அளவு இல்ல. மார்பகம், பெருங்குடல் இதுக்கெல்லாம் ரிஸ்க் ஓரளவு தான் கூடும், ஆனா கர்ப்பப்பை உள் சுவர் கேன்சர் தான் எடையோட ரொம்ப நெருக்கமா கட்டுப்பட்டது, பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு எடை எவ்ளோன்னு சொல்ற கணக்கு, 40ஐ தாண்டினவங்களுக்கு சரியான எடை உள்ளவங்களை விட 7 மடங்கு வரைக்கும் போகுது.

இங்க ஒரு விஷயம் தெளிவா சொல்லணும், ஏன்னா வாட்ஸாப்ல தப்பா சுத்துது. "100 கேன்சர்ல 40 குண்டா இருக்கிறதால வருது"ன்னு ஒரு மெசேஜ் வரும். அமெரிக்காவுல 2017ல வந்த ஒரு அரசு அறிக்கையோட நம்பர் அது, எடையோட தொடர்பு உள்ள அந்த 13 வகையும் சேர்ந்து மொத்த கேன்சர்ல 40 சதவீதம்ங்கிறது தான் அதோட அர்த்தம், அந்த 40ம் எடையால வந்துச்சுன்னு இல்ல. உண்மையிலேயே எடையை காரணமா சொல்லக்கூடிய பங்கு அதை விட ரொம்ப கம்மி, பிரிட்டன்ல கணக்கு போட்டப்ப 6 சதவீதத்துக்கு கொஞ்சம் மேல வந்துச்சு. ஆனாலும் புகையிலைக்கு அடுத்த இடம் அங்க அதுக்கு தான். ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் கேன்சர் வருது, குண்டா இருக்கிற பெரும்பாலானவங்களுக்கு வராமலே போகுது. பெரியம்மா ஆஸ்பத்திரியில படுத்திருக்கும்போது பாக்க வந்த சொந்தக்காரங்க ஒருத்தர் "வாயை கட்டியிருந்தா இது வந்திருக்குமா"ன்னு கேட்டாங்க, பெரியம்மா அன்னிக்கு ராத்திரி சாப்பிடவே இல்ல. தயவுசெஞ்சு யாரையும் அப்படி கேக்காதீங்க, ஒரு தனி ஆளுக்கு எதனால வந்துச்சுன்னு எந்த டாக்டராலயும் சொல்ல முடியாது.

சரி, இப்ப செய்ய வேண்டியதுக்கு வருவோம். முதல் வேலை அளக்கிறது. எடை மெஷின் மட்டும் பாத்தா நம்ம ஆளுங்களுக்கு பத்தாது, ஏன்னா கை கால் ஒல்லியா இருக்கும், தொப்பை மட்டும் தனியா நிக்கும், பாக்கிறவங்களும் அளவான உடம்புன்னு சொல்லிட்டு போவாங்க. நமக்கு கொழுப்பு சேர்ற இடமே வயிறு தான். அதனால தான் உலகத்துக்கு பிஎம்ஐ 25ல இருந்து அதிக எடை, 30ல இருந்து உடல் பருமன்னு வச்சாலும், இந்தியர்களுக்கு 23ம் 25ம்னு குறைச்சு வச்சிருக்காங்க. கிலோல சொன்னா 5 அடி 2 அங்குலம் இருக்கிற பொண்ணுக்கு 57 கிலோ தாண்டினாலே அதிக எடை, 62 தாண்டினா பருமன். 5 அடி 6 அங்குலம் ஆம்பளைக்கு 65ம் 70ம். தமிழ்நாட்டுல 2019-21 தேசிய குடும்ப நல கணக்கெடுப்புல பிஎம்ஐ 25க்கு மேல பெண்கள் 40.4 சதவீதம், ஆண்கள் 37 சதவீதம், இந்திய சராசரி 24ம் 23ம் தான். அந்த 40ங்கிறதுல உங்க வீட்லயும் ஒருத்தராவது இருப்பாங்க.

பிஎம்ஐ கணக்கு வராதவங்களுக்கு இஞ்ச் டேப் போதும், டைலர் கடையில இருக்குமே அது தான், ஒரு பக்கம் இஞ்ச் மறுபக்கம் சென்டிமீட்டர். காலையில சாப்பிடறதுக்கு முன்னாடி அளங்க. பாவாடை நாடா கட்ற இடத்துல அளக்காதீங்க, பேண்ட் பெல்ட் போடற இடமும் வேண்டாம், தொப்பை பெருசா இருக்கிறவங்களுக்கு பெல்ட் தொப்பைக்கு கீழ இறங்கிடும், அதனால பேண்ட் சைஸ் 34ஆவே இருக்குன்னு 10 வருஷமா சந்தோஷமா இருப்பாங்க. விலா எலும்போட கடைசி முனையை தொட்டு பாருங்க, கீழ இடுப்பு எலும்போட மேல் முனையை தொட்டு பாருங்க, ரெண்டுக்கும் நடுவுல டேப்பை சுத்துங்க, துணி மேல வேண்டாம், தோல் மேல. டேப் வயித்தை அழுத்தக் கூடாது, முதுகு பக்கம் ஏறி இறங்காம நேரா இருக்கணும், இதுக்கு இன்னொரு ஆள் கூட இருந்தா நல்லது. வயித்தை உள்ள இழுக்காம சாதாரணமா மூச்சை விட்டுட்டு அந்த இடத்துல படிங்க. பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90. அதுக்கு மேல போனா ரிஸ்க் பக்கம் வந்துட்டோம்.

டேப்பும் இல்லையா, ஒரு நூல் எடுங்க, பூ கட்ற நூலே போதும். தலையில இருந்து கால் வரைக்கும் உங்க உயரத்துக்கு வெட்டுங்க, அதை ரெண்டா மடிங்க, மடிச்ச நீளம் உங்க இடுப்பை சுத்தி வருதான்னு பாருங்க. வந்து முட்டுச்சுன்னா சரி. முன்னாடி இடைவெளி விழுந்துச்சுன்னா இடுப்பு சுத்தளவு உயரத்துல பாதிக்கு மேல போயிடுச்சுன்னு அர்த்தம். பெரியம்மா வீட்ல இதை எல்லாரும் வரிசையா நின்னு பாத்தோம், நாலு விரல் இடைவெளி விழுந்தது என் அண்ணனுக்கு, அவன் தான் வீட்லயே ஒல்லின்னு பேர் வாங்கினவன்.

அடுத்து எவ்ளோ குறைக்கணும். 84 கிலோ இருக்கிறவங்ககிட்ட போய் 53க்கு வாங்கன்னு சொன்னா முதல் நாளே விட்டுடுவாங்க, அது தேவையும் இல்ல. இப்ப இருக்கிற எடையில 5ல இருந்து 10 சதவீதம் குறைஞ்சாலே இன்சுலின் குறையும், ஈரல்ல இருக்கிற கொழுப்பு கரைய ஆரம்பிக்கும். 84 கிலோவுக்கு 4ல இருந்து 8 கிலோ, அவ்ளோ தான் முதல் இலக்கு. எடை குறைச்சா கேன்சர் ரிஸ்க் நிஜமாவே குறையுமாங்கிற கேள்விக்கும் பதில் வந்துட்டே இருக்கு. அமெரிக்காவுல பீரியட்ஸ் நின்ன 60 ஆயிரத்துக்கும் மேல பெண்களை வருஷக்கணக்கா கவனிச்சதுல 5 சதவீதமாவது எடை குறைச்சவங்களுக்கு மார்பக கேன்சர் 12 சதவீதம் கம்மியா வந்துச்சு. அதே நாட்டுல கிளீவ்லண்ட் கிளினிக் 2022ல வெளியிட்ட ஆய்வுல, எடை குறைப்பு ஆபரேஷன் பண்ணவங்கள்ல 10 வருஷத்துல எடை சம்பந்தப்பட்ட கேன்சர் வந்தது 2.9 சதவீதம், பண்ணாதவங்கள்ல 4.9 சதவீதம்.

இப்ப அடுப்படி. நான் எண்ணெய்ல இருந்து தான் ஆரம்பிப்பேன், ஏன்னா யாரோட சாப்பாட்டு தட்டையும் தொடாம குறைக்க முடியிறது அது ஒண்ணு தான். ஒரு லிட்டர் எண்ணெய் கிட்டத்தட்ட 8,200 கலோரி. நாலு பேர் இருக்கிற வீட்ல மாசம் 4 லிட்டர் ஓடுதுன்னா தலைக்கு தினம் 270 கலோரி எண்ணெய்ல மட்டும் போகுது. இதை தலைக்கு அரை லிட்டராக்கினா போதும். எங்க வீட்ல செஞ்சது இது தான்: மாசம் ஒண்ணாந்தேதி 2 லிட்டர் எண்ணெயை ஒரு கேன்ல ஊத்தி கேன் மேல மார்க்கர்ல நாலு கோடு போட்டோம், ஒரு வாரத்துக்கு ஒரு கோடு. கோட்டுக்கு கீழ இறங்கிட்டா அந்த வாரம் மீதி நாளைக்கு தாளிக்க மட்டும். முதல் மாசம் 19ஆம் தேதியே கேன் காலி, அம்மாவுக்கு கோபம் கூட வந்துச்சு, மூணாவது மாசம் 30ஆம் தேதி வரைக்கும் வந்துச்சு. கேன்ல இருந்து நேரா சாய்ச்சு ஊத்தாம ஸ்பூன்ல அளந்து ஊத்தினது தான் மாற்றம், குழம்பு ருசி குறைஞ்சுதுன்னு யாரும் சொல்லல.

அடுத்தது டீ. ஒரு நாளைக்கு நாலு டீ, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஸ்பூன் சக்கரைன்னா மாசம் 1.2 கிலோ சக்கரை ஒரே ஆளுக்கு. சக்கரை கேன்சர் செல்லுக்கு நேரா தீனி போடுதுன்னு சொல்றாங்களே அந்த பயத்துக்காக இல்ல, எல்லா செல்லும் சக்கரையை தான் எரிக்குது, அது இடுப்புல போய் சேர்றதுக்காக தான் குறைக்கணும். நாட்டு சக்கரை, கருப்பட்டின்னு மாத்தினா கலோரி மாறாது. ஒரேயடியா நிறுத்தாம வாரத்துக்கு அரை ஸ்பூன் குறைங்க, ஒரு மாசத்துல நாக்கு பழகிடும்.

சோறு விஷயத்துல தான் நம்ம ஆளுங்க ரொம்ப குழம்புறாங்க. சோத்தை விட்டுட்டு கேழ்வரகு, கம்பு, தினைக்கு போயிட்டேன், ஆனாலும் எடை குறையலன்னு வருத்தப்படறவங்க நிறைய. சிறுதானியத்துல நார்ச்சத்து கூட இருக்கு, பசி தாங்கும், குடலுக்கு நல்லது, எல்லாம் சரி, ஆனா கலோரி அரிசிக்கு கொஞ்சம் தான் கம்மி. அதனால நிறைய களி சாப்பிட்டா நிறைய சோறு சாப்பிட்ட மாதிரி தான். தட்டுல முதல்ல காய் வைங்க, பாதி தட்டு நிறையணும், பொரியல் கூட்டு கீரை எதுவா இருந்தாலும். அப்புறம் பருப்போ சுண்டலோ முட்டையோ மீனோ. மீதி இடத்துல சோறு. நாம பழக்கத்துல மலை மாதிரி சோறு போட்டு நடுவுல குழி பறிச்சு குழம்பு ஊத்தி ஓரமா ஒரு ஸ்பூன் பொரியல் வைக்கிறோம், இதே சாப்பாடு தான், வரிசையை மட்டும் மாத்துங்க. சாயங்காலம் வடை பஜ்ஜிக்கு பதிலா ஒரு கைப்பிடி வறுத்த கடலையோ பட்டாணி சுண்டலோ. ராத்திரி எட்டு மணிக்குள்ள முடிக்க பாருங்க. மது குடிக்கிறவங்க அதை விட்டே ஆகணும், அது எடையையும் ஏத்தும், தனியாவும் கேன்சருக்கு காரணம்னு உறுதியானது. கூட சாப்பிடற சைட் டிஷ் கணக்கு தனி.

நடை வாரம் 150 நிமிஷம், நாளைக்கு அரை மணி நேரம் அஞ்சு நாள். நடக்கும்போது பேச முடியணும் ஆனா பாட்டு பாட முடியக் கூடாது, அது தான் சரியான வேகம், கோயிலை சுத்துற வேகம் பத்தாது. முட்டி வலிக்கிறவங்க நாற்காலியில உக்காந்து கையை ஊணாம எந்திரிக்கிறதை பத்து தடவ பண்ணுங்க, சுவத்துல ரெண்டு கையும் வச்சு தள்ளுங்க, வாரம் ரெண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கணும், இல்லன்னா எடை குறையும்போது தசையும் சேர்ந்து கரைஞ்சுடும். வீட்டு வேலையே நடை தானேன்னு எங்க பெரியம்மா சொல்லுவாங்க, மொட்டை மாடியில 20 நிமிஷம் நடக்க விட்டப்ப தான் மூச்சு வாங்கினது அவங்களுக்கே தெரிஞ்சுது.

சில விஷயம் செய்யாதீங்க. பட்டினி கிடந்து மாசம் 10 கிலோ குறைக்கிறேன்னு இறங்காதீங்க, ரொம்ப வேகமா எடை குறைஞ்சா பித்தப்பையில கல் வரலாம், வாரத்துக்கு அரை கிலோ போதும். 2025ல இருந்து எடை குறைக்கிற ஊசி நம்ம ஊர்லயும் கிடைக்குது, மவுஞ்சாரோ, வீகோவின்னு, டாக்டர் பாத்து எழுதி கொடுத்தா பயன் இருக்கு, ஆனா தெரிஞ்சவங்க மூலமா வாங்கி நீங்களே போட்டுக்காதீங்க, குடும்பத்துல மெடுல்லரி தைராய்டு கேன்சர்னு தைராய்டுல வர்ற ஒரு வகை இருந்தவங்க போடவே கூடாது. இன்னொண்ணு, இப்ப கேன்சர் ட்ரீட்மென்ட்ல இருக்கிறவங்க இதை படிச்சுட்டு டயட் ஆரம்பிக்காதீங்க, கீமோ நேரத்துல உடம்புக்கு சத்து வேணும், என்ன சாப்பிடணும்னு உங்க டாக்டரை கேட்டு தான் செய்யணும். அப்புறம், எந்த முயற்சியும் பண்ணாம எடை தானா குறைஞ்சுதுன்னா சந்தோஷப்படாதீங்க, 70 கிலோ ஆளு ஆறு மாசத்துல மூணரை கிலோ சும்மாவே குறைஞ்சா உடனே காட்டுங்க.

கடைசியா ஒண்ணு, என்னை பொறுத்தவரைக்கும் எண்ணெய் கேனை விட இது முக்கியம். நாம அறிகுறிக்கு எல்லாம் ஏற்கனவே ஒரு பேர் வச்சிருக்கோம். பீரியட்ஸ் நின்னு ஒரு வருஷத்துக்கு அப்புறம் பட்டா சூடு. மலத்துல ரத்தம் வந்தா மூலம். வருஷக்கணக்கா நெஞ்சு எரிஞ்சா கேஸ். ஸ்கேன்ல ஃபேட்டி லிவர்னு வந்தா "அது எல்லாருக்கும் இருக்கு". பேர் வச்சதும் பயம் போயிடுது, ஆஸ்பத்திரிக்கு போற எண்ணமும் போயிடுது. நிறைய நேரம் அது நிஜமாவே மூலமா தான் இருக்கும், கேஸா தான் இருக்கும், ஆனா அதை டாக்டர் பாத்து சொல்லணும். ஃபேட்டி லிவர் இருந்தா ஈரல் எவ்ளோ இறுகியிருக்குன்னு பாக்க ஃபைப்ரோஸ்கேன் தேவையான்னு கேளுங்க. 30 வயசு தாண்டினவங்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துலயே வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் பரிசோதனை பண்றாங்க, கர்ப்பப்பை வாய் கேன்சர் எடையால வர்றது இல்ல, வைரஸால வர்றது, ஆனாலும் போற அன்னிக்கு அதையும் சேர்த்து பாத்துடுங்க.

வீட்ல அம்மா, அத்தை, சித்தி யாருக்காவது 50 தாண்டியிருந்தா நீங்களே போய் கேளுங்க, அவங்களா சொல்ல மாட்டாங்க. தனியா கூப்பிட்டு "நின்னதுக்கு அப்புறம் எப்பவாவது பட்டுச்சா, ஒரு சொட்டு கூட?"ன்னு கேளுங்க. ஆமான்னு சொன்னா அந்த வாரமே மகப்பேறு டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க, ஒரு தடவ தான் பட்டுச்சு, இப்ப நின்னுடுச்சுன்னு சொன்னாலும் போங்க. உள்ள போனதும் இடுப்பு வலி, அசதின்னு சுத்தி வளைச்சு பேச ஆரம்பிப்பாங்க, எங்க பெரியம்மாவும் முதல்ல கால் வலியை தான் சொன்னாங்க. நீங்க பக்கத்துல உக்காந்து நேரா சொல்லுங்க: "பீரியட்ஸ் நின்னு இத்தன வருஷம் ஆச்சு, இப்ப இத்தன தடவ ரத்தம் பட்டுச்சு, கர்ப்பப்பை உள் சுவர் எவ்ளோ தடிமன்னு ஸ்கேன் பாக்கணுமா, பயாப்ஸி தேவையா?" கடைசியா எந்த தேதியில பட்டுச்சுங்கிறதை வீட்ல நாள்காட்டியை பாத்து முன்னாடியே ஒரு சீட்டுல எழுதிட்டு போங்க, அங்க போய் கேட்டா ஞாபகம் வராது.